மஞ்சள் கோடும் வெள்ளைக் கொப்பியும்

சென்ற மாதம் ஒரு காலையில் துவாரகா எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். திருகோணமலையில் நான் வேலை செய்து ஓய்வு பெற்ற பொறியியல் அலுவலகத்தில் இப்போது படவரைஞராக இருக்கும் பிள்ளை அவள். படத்தில் ஒரு பெரிய மெஷின். அகலத் தாளில் அச்சடிக்கும், ஸ்கேன் பண்ணும், கொப்பி எடுக்கும், எல்லா வேலையும் ஒன்றே செய்யும் என்று கம்பனிக்காரர் கொண்டுவந்து காட்டுவார்களே, அந்த வகை. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, புது மெஷின் எடுக்கிறதுக்குக் கம்பனியள் வந்து காட்டுகினம். இது நேற்று வந்தது. பழைய ட்ரேசிங் ஒண்டைப் போட்டுப் பாத்தம். அழுக்கெல்லாம் போய் வெள்ளை வெளேரெண்டு வந்தது. எல்லாரும் கைதட்டினம். நீங்களும் முன்னம் ஒருக்கா இப்பிடிப் பாத்து எடுத்தனீங்கள்தானே, வேற என்ன பாக்கவேணும்?"

கைதட்டினம் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. குடிக்க எடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அன்று காலை அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு கைதட்டலுக்கு நான் ஏன் இப்படி வெலவெலத்துப் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிழவிக்கு விசர் என்று நினைப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் அமோனியா மெஷின் இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொற்காலமாம்! கண் எரியும், மூக்கு எரியும், வீட்டுக்குப் போனால் என் சேலையில் அடிக்கும் நாற்றத்துக்குப் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள். படம் கீறும் வேலையை இரண்டு வருடம் படித்தேன். படித்தது என்றால் பெரும்பாலும் பென்சில் சீவினேன், ஏச்சு வாங்கினேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆனால் அமோனியா மெஷினின் ஒரு குணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒளி ஊடுருவும் ட்ரேசிங் தாளில் மையால் படம் கீறுவோம். அதை மருந்து பூசிய தாளின் மேல் வைத்து மெஷினுக்குள் விட்டால் உள்ளே ஒரு விளக்கு எரியும். மை எங்கே விளக்கை மறைக்கிறதோ அங்கே கோடு விழும். மஞ்சள் பென்சிலும் மை மாதிரியே அந்த விளக்கை மறைக்கும். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் மஞ்சள் கோடு, கொப்பியில் கறுகறுவென்று வரும். ஆகவே நிலத்துக்குக் கீழே போகும் சாமான்களை, அதாவது தண்ணிக் குழாய், மின்சாரக் கேபிள் எல்லாவற்றையும், ட்ரேசிங்கின் பின்பக்கத்தில் மஞ்சள் பென்சிலால் கீறிவிடுவது எங்கள் அலுவலகத்துப் பழக்கம். குழாய் இடம் மாறினால் அழித்துவிட்டுக் கீறலாம், முன்பக்கத்து மை பழுதாகாது. யார் தொடங்கிய பழக்கமோ தெரியாது. நான் சேர முன்னமே இருந்தது.

பிறகு அமோனியா மெஷின் போனது. நான் சந்தோசத்தில் அன்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். படங்கள் கம்பியூட்டருக்கு வந்தன. பழைய ட்ரேசிங்குகள் அலுமாரிக்குள் சுருட்டியபடி கிடந்து, வருடம் போகப் போகத் தாங்களும் மஞ்சளாகின. மஞ்சள் தாளின் பின்னால் மஞ்சள் கோடு. யோசித்துப் பாருங்கள்.

இனித் தவராசா சேர். எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் அவர். நான் எத்தனையோ பெரியவர்களுக்குக் கீழே வேலை செய்தேன். கத்துகிறவர்கள், பைலை எறிகிறவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை கொள்கிறவர்கள். இவர் வேறு பிறப்பு. குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தணியும், நாங்கள் முன்னுக்குச் சரிந்து காதைக் கொடுக்க வேண்டும். எல்லோரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். கூட்டுகிற பெடியனையும் நீங்கள். அலுவலக வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட ஒருநாள், "கொஞ்சம் அங்கால தள்ளிப் படுங்கோ" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவரிடமிருந்துதான் நானும் அலுவலகத்தில் ஒருவரையும் நீ என்று சொல்லாமல் பழகினேன். என் குணத்துக்கு அது லேசான காரியமல்ல.

அகலத் தாள் மெஷின் ஒன்று வாங்க வேண்டும், கம்பனிகளைக் கூப்பிட்டு மதிப்பீடு செய்யுங்கள் என்று மேலிடம் சொன்னபோது அவர் குழுவில் என்னையும் போட்டார். கம்பனிக்காரர் கொண்டுவரும் அழகான படங்களை அவர் தொடவே இல்லை. "உங்கட பூவும் கிளியும் எங்களுக்கு வேண்டாம். எங்கட அலுமாரியில கிடக்கிறதை அடியுங்கோ, பாப்பம்" என்றார்.

அவருடைய சோதனை முறையை நான் இன்றைக்கும் சொல்வேன். முதலில் தாள் மெஷினை விட்டு வந்த உடனேயே விரலை நாக்கில் தொட்டு மையின் மேல் தேய்ப்பார். இங்கே ஒரு பிளான் வேலை நடக்கும் சைற்றுக்குப் போனால் வேர்வையிலும் உப்புக் காற்றிலும்தான் அதன் சீவியம், மை கரைந்தால் வேலைக்குதவாது. பிறகு தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பார். "ஓவசியர்மார் இப்பிடித்தானே கொண்டு திரியினம்" என்பார். மடிப்பில் கோடு உதிர்ந்தால் அந்த மெஷினுக்கு மதிப்பீட்டில் புள்ளி குறையும். மூன்றாவது, இன்னொரு தாளைக் கடற்பக்கத்து யன்னலோடு இரவு முழுக்க விட்டுவிடுவார். எங்கள் ஊர்க் காற்றில் தாள் ஊதிப் பெருக்கும். ஊதட்டும் என்று விட்டு, மறுநாள் காலையில் வெயில் யன்னலில் விழும்போது மூலப் படத்தையும் கொப்பியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்துப் பிடிப்பார். கோட்டுக்கு மேல் கோடு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு. அளவு ஒரு மயிரிழை மாறினாலும் அதில் தெரியும்.

அந்தக் கிழமை மேசையில் கிடந்த ட்ரேசிங் கப்பல்துறைப் பக்கத்து ஒடுக்கமான ஒழுங்கைத் தெரு ஒன்றினுடையது. அதை வெளியே எடுக்க வைத்தவர் நசீர்.

நசீர் எங்கள் ஓவசியர், சைற்றில் நின்று வேலையை மேற்பார்க்கிறவர். கிண்ணியாக்காரர். சைற்றிலிருந்து வரும்போது தயிர்ச்சட்டியோடு வருவார், போகும்போது என்னோடு ஒரு சண்டை பிடித்துவிட்டுப் போவார். அந்த ஒழுங்கையில் வடிகாலுக்குக் குழாய் தாழ்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு மதில் குறுக்கே வந்ததால் குழாயைக் கொஞ்சம் விலத்திக் கொண்டுபோக வேண்டியிருந்தது. விலத்தும் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மனிதன் பழைய பிளானைக் கேட்டு வந்தார். அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரியான காரியம். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

முதல் மெஷின் தாளை இழுத்துக் கசக்கிக் கொடுத்தது. அதை விடுவோம். இரண்டாவது கொடுத்த கொப்பி தேத்தண்ணி ஊற்றிய மாதிரி ஒரே ஊத்தை. ட்ரேசிங்கின் பழுப்பு, கறை, மடிப்பு, பூச்சி அரித்த இடம், எல்லாம் சாம்பல் நிறத்தில் அப்படியே இறங்கியிருந்தது. நான் அதை நசீரிடம் நீட்டினேன்.

"என்ன மிஸ் இது? ரோட்டக் கீறி இரிக்கா, ரோட்டுல உருட்டி எடுத்த தாளா?" என்றார். "இதப் பாத்து வேல செஞ்சா கண்ணுக்கு ஒப்பரேசன்தான் செய்யணும்."

"அப்ப நாளைக்கு வாங்கோ. மூண்டாவது மெஷின் வருது."

"நல்ல மெஷினா?"

"உங்களுக்கு மெஷினோ பிளானோ வேணும்?"

"ரெண்டும் நல்லா இரிந்தா தயிர் கொண்டு வருவன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாவது மெஷினோடு கொழும்பிலிருந்து வந்தவன் பிரதீப் என்ற பெடியன். நல்ல தமிழ்ப் பிள்ளை, கழுத்துப்பட்டி கட்டி வந்து எங்கள் ஊர் வெக்கையில் அவிந்துபோய் நின்றான். ட்ரேசிங்கை அவன் மெஷினின் வாய்க்குள் மெல்லக் கொடுத்தான். அது மெதுவாக இழுத்தது. அந்தப் பக்கம் தாள் வரத் தொடங்கியது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பழுப்பு இல்லை. கறை இல்லை. மடிப்பின் சுவடுகூட இல்லை. புதுக் கடதாசியில் நேற்றுக் கீறிய மாதிரி, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. "மெஷினே கண்டுபிடிச்சு அழுக்கை எடுத்துப்போடும் மிஸ், நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றான் பிரதீப். யார் முதலில் தொடங்கினார்களோ தெரியாது, அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். எங்கள் அலுவலகத்தில் பிரியாவிடைக்குக்கூட ஒருவரும் ஒழுங்காகக் கைதட்டியதில்லை. தவராசா சேரே சின்னதாக இரண்டு தட்டுத் தட்டினார். விரலை நனைத்துத் தேய்த்தார், மை அசையவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தார், கோடு உதிரவில்லை. இரண்டாவது கொப்பியை யன்னலோரம் விரித்துவிட்டார். சேரின் பையில் இருந்த மடித்த கொப்பியைப் பின்னேரம் நசீர் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

"பாத்தீங்களா மிஸ், இதுதான் பிளான். கீழ ஒண்டும் இல்ல, சுத்தமா இரிக்கு" என்றார்.

"அப்ப தயிர் எங்க?"

"நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்."

மறுநாள் காலை வெயில் யன்னலுக்கு வந்தது. பிரதீப் மெஷினைக் கழற்றித் தன் வான் வண்டியில் ஏற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். சேர் ட்ரேசிங்கைக் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் கொப்பியை வைத்துப் பிடித்தார். நான் புள்ளி எழுதப் பக்கத்தில் நின்றேன்.

"அளவு மெத்தச் சரி" என்றார். பிறகு கொப்பியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகத்தில் இரத்தம் இல்லை. கொப்பியை எடுத்தார். ட்ரேசிங் மட்டும் வெயிலில் நின்றது. அதன் குறுக்கே ஒரு கோடு ஓடியது. ஒழுங்கையின் ஒரு கரையிலிருந்து மதில் ஓரமாக வளைந்து, மற்றக் கரைக்கு. மேசையில் படுத்துக் கிடந்தபோது தாளோடு தாளாகக் கிடந்த மஞ்சள், வெயில் பின்னாலிருந்து அடித்ததும் எழும்பி நின்றது. பக்கத்தில் மஞ்சளிலேயே சின்ன எழுத்தில், உயர் அழுத்தக் கேபிள்.

"அந்த ஊத்தைக் கொப்பியை எடுங்கோ" என்றார். எனக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவு தணிந்த குரல். திரும்பவும் சொன்னார். நான் இரண்டாவது மெஷினின் கொப்பியை எடுத்து விரித்தேன். அதில் இருந்தது! சாம்பல் நிறத்தில், கறைகளுக்கு நடுவே, அதே வளைவு. முந்தாநாள் எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால்தான் கிடந்தது. ஊத்தை என்று நினைத்து அதற்குப் புள்ளி குறைத்திருந்தோம்.

நசீர் விலத்திக் குழாய் தாழ்க்கப் போவது சரியாக அந்த மதில் ஓரத்தில்.

போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. பெக்கோ வண்டி மண் வெட்டும் இடத்தில் யாருக்குப் போன் கேட்கும்? திரும்ப அடித்தேன். திரும்பவும். மின்சாரப் பகுதிக்கு எடுத்து லைனை நிறுத்தச் சொன்னால், எந்த லைன், எந்த இடம், எழுத்தில் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் வாயில் வந்ததை இங்கே எழுத ஏலாது. எங்கள் ஜீப் வேறு வேலைக்குப் போயிருந்தது. வாசலில் நின்றது பிரதீப்பின் வான்தான்.

"தம்பி, ஏத்தினதை இறக்க நேரமில்லை. வானை எடுங்கோ" என்றார் சேர்.

கண்டி றோட்டில் அந்த வான் போன போக்கு! பின்னால் மெஷினின் பாதி உடம்பு கிடந்து இடிபட, முன்னால் நான் ட்ரேசிங்கை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பிரதீப் ஒன்றும் விளங்காமல், "என்ன மிஸ், எங்கட மெஷின் ஏதும் பிழையோ? என்ன பிழை?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். சேர் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

ஒழுங்கைக்குள் இறங்கியபோது பெக்கோவின் சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இறங்கி ஓடினோம். என் ஒரு செருப்பு மண்ணில் நின்றுவிட்டது.

குழி வெட்டியாகிவிட்டது. பெக்கோ ஓரமாக நின்றது, ஓட்டுநர் மர நிழலில் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குழிக்குள் மணல் சரிந்த இடத்தில், கையின் தடிப்பில் கறுப்பாக ஒரு கேபிள் வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தது. பெக்கோவின் பல்லில் அது அறாமல் தப்பியது எந்தப் புண்ணியமோ. அதன் இரண்டு பக்கமும் காலை ஊன்றிக்கொண்டு, குனிந்தபடி நசீர் நின்றார். கையில் இரும்பு அறுக்கிற வாள்.

எங்கள் மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் இப்படி ஏதாவது வரும். பழைய குழாய், பழைய வயர், யாரோ எப்போதோ விட்டுப்போன இரும்பு. பிளானில் இல்லாதது செத்தது என்று வெட்டி எறிவதுதான் சைற்றில் நடைமுறை. வேலையாள் வெட்டினால் கோணலாக வெட்டுவான் என்று நசீர் எல்லாவற்றுக்கும் தானே இறங்குகிற மனிதர். வாளைக் கேபிளின் மேல் வைத்துவிட்டார். ஒரு இழுவை இழுத்தும்விட்டார். மேல் தோலில் வெள்ளையாகக் கீறல் விழுந்ததை நான் கண்டேன். இரண்டாவது இழுவைக்குக் கை பின்னுக்குப் போகிறது.

வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது.

"டேய் நசீர்! விடடா!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். தவராசா சேர். கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, "விடடா! கையை எடடா!" ஒழுங்கையில் இருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

நசீரின் கை அந்தரத்தில் நின்றது. வாள் மணலில் விழுந்தது. அவர் சேரையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ பேயைக் கண்ட மாதிரி.

"ஏன் சேர்?" என்றார் மெல்ல. "செத்த வயர்தானே. பிளான்ல இல்லயே. இந்தா, பாருங்க." சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைக் கொப்பியை எடுத்து நீட்டினார். அதை வாங்க என் கை போகவில்லை.

பிறகு மின்சாரக்காரர்கள் வந்தார்கள். தடியில் கட்டிய கருவியை எட்ட நின்று கேபிளுக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். அது கீச்சென்று கத்தியது. கேபிளில் உயிர் இருந்தது. தண்ணிப் பம்புக்குப் போகிற லைனாம். வந்தவரில் வயதானவர் அந்த வெள்ளைக் கீறலைக் குனிந்து பார்த்தார், நசீரைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டு குழியின் விளிம்பிலேயே குந்திவிட்டார். "இன்னும் ரெண்டு இழுவை இழுத்திருந்தா, தம்பி, எடுத்துக் குடுக்க ஒண்டும் மிஞ்சியிராது" என்றார்.

நசீர் மணலில் இருந்தார். தண்ணிப் போத்தலைக் கொடுத்தேன், பிடிக்க முடியவில்லை. நான்தான் வாயில் பருக்கினேன். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்து, "மிஸ், சேர் என்னய டேய் என்டு கூப்பிட்டவர், கேட்டீங்களா?" என்றார். "வேற யாரு கத்தி இரிந்தாலும் கேக்காம ஒரு இழுவ இழுத்துப்போட்டுத்தான் நிமிந்திருப்பன். சேர் என்னய டேய் என்டதும் எனக்கு விறைச்சுப் போச்சு. உலகம் அழியப்போகுது என்டு நினச்சன்." சொல்லிவிட்டு அந்த மனிதன் விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். பிரதீப் வானின் மறுபக்கத்தில் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தான்.

திரும்பி வரும்போது பிரதீப் சொன்னான்: "சேர், எங்கட மெஷினுக்குப் போட்ட புள்ளியை வெட்டிப்போடுங்கோ."

"ஏன் தம்பி?" சேரின் குரல் பழையபடி தணிந்திருந்தது. "மெஷின் நாங்கள் கேட்டதைத்தான் செய்தது. அழுக்கை எடுக்கச் சொன்னம், எடுத்தது. கைதட்டினது நாங்கள்தானே."

அந்த மெஷினைத்தான் வாங்கினோம். துப்புரவாக்குகிற வேலையை நிறுத்தி வைக்க முடியும் என்று பிரதீப் காட்டித் தந்தான். மூடியின் மேல் சேர் தன் கையால் ஒரு கடதாசி எழுதி ஒட்டினார்: முதலில் திருப்பிப் பாருங்கோ. மதிப்பீட்டில் புதிதாக ஒரு சோதனையையும் சேர்த்தார். எது அதிகம் துப்புரவாக வருகிறது என்பதல்ல, எது ஒன்றையும் விடாமல் கொண்டுவருகிறது என்பது. பிறகு பழைய ட்ரேசிங்குகளை ஒவ்வொன்றாக யன்னலில் பிடித்து, மஞ்சள் கோட்டையெல்லாம் முன்பக்கத்தில் கறுப்பு மையால் கீறும் வேலையை எனக்குத் தந்தார். நகரத்துப் படங்கள் முடிந்தன. கப்பல்துறைப் பக்கம் முடிந்தது. அதோடு சேருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்து வந்தவர், பழைய கடதாசியைச் சுரண்டிக்கொண்டிருக்க இங்கே ஆளில்லை என்று வேலையை நிறுத்திவிட்டார். நான் போய்ச் சண்டை பிடித்தேன், எழுத்திலும் கொடுத்தேன். மனிதர் அசையவில்லை. பிறகு நான் ஓய்வு பெற்றேன். என் கதிரை வெகுகாலம் வெறுமையாகக் கிடந்த பிறகுதான் துவாரகா வந்தாள், பழைய ஆட்கள் சொல்லக் கேட்டு என்னைத் தேடி வந்து பழகியவள். அந்த மெஷினும் பழுதாகிப் போனது. சேர் ஒட்டிய கடதாசியும் அதன் மூடியோடு போயிருக்கும்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். தேத்தண்ணியை வைத்துவிட்டுத் துவாரகாவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அந்த ட்ரேசிங்கைத் திருப்பிப் பாத்தனீங்களோ?"

"பின்பக்கத்திலயோ அக்கா? பின்பக்கத்தில என்ன இருக்கு?"

"யன்னலில பிடிச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. கெதியா."

படம் வந்தது. போன் திரையை விரித்து விரித்துப் பார்த்தேன். தாளின் நடுவே மஞ்சளாக ஏதோ நீளமாகக் கிடந்தது. கூடவே அவளுடைய கேள்வி: "அக்கா, இது கறையோ, கோடோ?" எனக்கும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் தெரியவில்லை.

"எந்த இடத்துத் தாள் இது?"

"சீனன்குடாப் பக்கம் அக்கா. ரோட்டோரம் குழாய் தாழ்க்கிறதுக்கு."

"அந்த வெள்ளைக் கொப்பி எங்க?"

"சைற்றுக்குக் குடுத்தாச்சு. காலமை வெட்டத் தொடங்கியிருப்பினம். ஏன் அக்கா?"

"நிப்பாட்டச் சொல்லடி!" என்று கத்தினேன். "ஓடடி! ஓடிப்போய் நிப்பாட்டு!"

அவளை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. போனில் கதிரை விழுந்த சத்தமும் அவள் ஓடுகிற சத்தமும் கேட்டன. போனை அவள் வைக்கவும் இல்லை.

ஓட்டோ பிடித்து நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலையை நிறுத்தியிருந்தார்கள். இப்போதிருக்கும் பொறியியலாளர் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற ஒருத்தியின் சொல்லைக் கேட்டுப் பெக்கோவைச் சும்மா நிற்பாட்டியிருக்கிறார்களே என்று அவருக்கு எரிச்சல். நியாயம்தான். நான் ட்ரேசிங்கை எடுத்து யன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

கறைதான். எவரோ எப்போதோ தேத்தண்ணியைக் கொட்டி வழித்துத் துடைத்த கறை. விளிம்பு ஊறிப் பரந்திருந்தது, பென்சில் அப்படி ஊறாது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பொறியியலாளர் பெருமூச்சு விட்டு, "சரி, வேலையைத் தொடங்கச் சொல்லுங்கோ. அடுத்த கிழமை வெட்டுற பகுதிக்கும் இந்த மெஷினிலயே கொப்பி எடுத்து வையுங்கோ" என்றார். எனக்கு வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

துவாரகா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கிழமைக்குரிய தாளை அலுமாரியிலிருந்து எடுத்து, மெஷினுக்குக் கொண்டுபோகாமல் யன்னலுக்குக் கொண்டுவந்தாள். திருப்பிக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள்.

"அக்கா, இது?"

நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அது நேராக ஓடியது, பக்கத்தில் சின்ன மஞ்சள் எழுத்துகளோடு.